பன்னிரண்டு மண் கால்கள்

மார்ச் 13, திங்கள்

இது அவருடைய டைரி. 2020-ஆம் வருஷம் சங்கத்தில் கொடுத்தது. ஒரு வரிகூட எழுதாமல் பீரோவில் வைத்திருந்தார். அச்சடித்த கிழமைகளை அடித்துவிட்டு நான் எழுதுகிறேன். அவர் எதையும் எழுதிவைக்கிற ஆள் இல்லை என்றுதான் ஜனவரி வரைக்கும் நினைத்திருந்தேன்.

ஜனவரியில் குடும்ப ஓய்வூதியத்துக்காக டெப்போவுக்குப் போனேன். கிளார்க் பெண் அவருடைய பணிப்பதிவேட்டைத் திருப்பி வைத்து, கையெழுத்துப் போட இடம் காட்டினாள். அதற்குப் பின்னால் மூன்று காகிதங்கள் கோத்திருந்தன. 2013, 2016, 2019. மூன்றிலும், டவுன் பஸ்ஸுக்கு மாற விருப்பமா என்று கேட்டிருக்கிறார்கள். மூன்றிலும் அடியில் அவர் கையெழுத்து: 'குடும்பச் சூழ்நிலை காரணமாக ஆனைச்சுனை தடத்திலேயே தொடர விரும்புகிறேன். சொ. தவசிலிங்கம், நடத்துநர்.'

குடும்பச் சூழ்நிலை என்றால் நான்தானே. எனக்கு இந்தச் சூழ்நிலை தெரியவே தெரியாது.

ஒருநாள் விட்டு ஒருநாள் அந்த மலை ஊரில் ராத்தங்கல். சாயங்காலம் பஸ் ஏறிப்போய் அங்கேயே நிற்கும், விடிந்ததும் இறங்கும். கேட்டால் அட்டைக்கடி என்பார், குளிக்கத் தண்ணீர் இல்லை என்பார், பஸ் சீட்டிலேயே முடங்கிப் படுக்கிறேன் என்பார். மாற்றல் கேளுங்கள் என்றால், கேட்டேன், தரமாட்டேன் என்கிறான் என்பார். 2016-ல் நானே ஒரு பை எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு மேனேஜர் வீட்டுக்குப் போனேன். மேனேஜர் சம்சாரம் கேட்டைத் திறக்காமல் அரைமணி நேரம் வெயிலில் நிற்க வைத்தாள். வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். மனசு உடைந்துபோய்க் கிடக்கிறார் என்று நான் உட்கார்ந்து அவர் காலைப் பிடித்துவிட்டேன். அந்த வருஷக் காகிதத்தில் அவர் கையெழுத்துப் போட்ட தேதி, நான் எலுமிச்சம்பழத்தோடு நின்றதற்கு நாலு நாள் முந்தியது.

இப்போது ஆனைச்சுனையிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அங்கே மெஸ் நடத்தும் ஒச்சம்மாள் என்பவள் யாரையோ விட்டு எழுதியிருக்கிறாள். ஐப்பசி மழையில் மலைப்பாதை சரிந்து பஸ் நின்றுபோனதால் அண்ணன், அதாவது இவர், இறந்த சேதி பத்து நாள் கழித்துத்தான் தெரிந்ததாம், கடைசியாக முகத்தைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையாம். பங்குனிப் பொங்கலுக்கு மதினி எப்படியாவது வர வேண்டும், வருவது கஷ்டம் என்றால் ஜீப் அனுப்புகிறோம் என்று எழுதியிருக்கிறது. ஜீப் வேண்டாம், செவ்வாய்க்கிழமை சாயங்கால பஸ்ஸில் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டேன்.

மகள் தமிழரசியிடம், அப்பா ராத்தங்கின ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். "ஒத்தையிலயா?" என்றாள். "பின்னே, உன் வீட்டுக்காரரையா கூட்டிட்டுப் போக முடியும்?" என்றேன். போனை வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் கோபம் அவளுக்கு.

டைரியில் பொய் எழுத வேண்டியதில்லை. அங்கே யார் இருக்கிறாள் என்று பார்க்கத்தான் போகிறேன்.

மார்ச் 14, செவ்வாய்

திண்டுக்கல்லில் நாலு பத்து பஸ். கிளம்ப நாலேகால் ஆயிற்று. ஜன்னலோரம் கிடைத்தது.

அடிவாரம் தாண்டியதும் வெயில் சட்டென்று விட்டுப்போயிற்று. சில்வர் ஓக் மரம் பூராவும் மிளகுக்கொடி. காபிச் செடியெல்லாம் பூத்திருந்தது. மல்லிகைக்கும் அதற்கும் வாசனையில் பெரிய வித்தியாசம் இல்லை, கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். பதினான்கு வளைவு. ஒவ்வொன்றிலும் டிரைவர் ஆரன் அடிக்க, எதிர்த்த மலையிலிருந்து அது திரும்பிவந்தது. சும்மா சொல்லக்கூடாது, அழகுதான். பத்துப் பதினோரு வருஷம் இந்த வழியில் போய்வந்த மனுஷன் ஒருநாள்கூட, காபி பூத்திருக்கிறது என்று சொன்னதில்லை.

ஆனைச்சுனை ஒரே ஒரு கடைத்தெரு. ரேஷன் கடை, மருந்துக்கடை, வாழைத்தார் மண்டி, இரண்டு டீக்கடை, ஒச்சம்மாளின் மெஸ். பஸ் மெஸ் முன்னால் நின்றபோது வெளிச்சம் இன்னும் இருந்தது. முப்பது நாற்பது பேர் கூடியிருந்தார்கள். பஸ் படிக்கு நேராக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நான் எழுந்திருப்பதற்குள் இரண்டு ஆண்கள் உள்ளே ஏறி, என்னைத் தூக்குவதற்குக் கையை நீட்டினார்கள்.

"விடுங்கப்பா, நானே எறங்கிக்குவேன்" என்று பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னாலிருந்து யாரோ, "ஆத்தாடி, நடக்குறாக!" என்றார்கள். பிறகு ஆளாளுக்கு அழுகையும் கும்பிடும். டவுனில் இருக்கிறவள் நாலு எட்டு நடக்கமாட்டாள் என்று நினைப்பு போலிருக்கிறது. நாற்காலியில் உட்காரச் சொல்லி விடவே மாட்டேன் என்றார்கள். உட்கார்ந்தேன். நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய் மெஸ்ஸுக்குள் வைத்தார்கள். வேண்டாம் என்று கத்தியும் கேட்கவில்லை.

ஒச்சம்மாளுக்கு ஐம்பது வயசு இருக்கும். நெடுநெடுவென்று உயரம், பெரிய கை. முகத்தில் களை இருக்கிறது.

இவள்தானா?

மார்ச் 15, புதன்

ஒச்சம்மாளுக்குப் புருஷன் இருக்கிறார். பெரியகருப்பன். இரண்டு கண்ணிலும் புரை மாதிரி வெள்ளை விழுந்து, ஆளைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார். அடுப்படிக்கும் வாசலுக்கும் சுவரைத் தொட்டுக்கொண்டே நடக்கிறார். என் கையைப் பிடித்து, "மச்சான் வீட்டுக் கையி" என்று கொஞ்சநேரம் வைத்திருந்தார். மச்சானாம்.

மெஸ்ஸுக்கு மேலே டிரைவர் கண்டக்டர் தங்கும் அறை. பஸ் சீட்டில் முடங்கியவருக்கு இங்கே கயிற்றுக்கட்டில், மெத்தை, ஜன்னலில் தொட்டிச்செடி. செடி அவர் வைத்ததாம். சுவரில் ஆணியடித்து, கொட்டை எழுத்தில் 'தவசி சட்டை' என்று எழுதியிருக்கிறது. பின்பக்கம் மேலேயிருந்து ஓடை விழுகிறது. குளிக்கத் தண்ணீர் இல்லாத ஊர்! நான் முக்கால் மணிநேரம் குளித்தேன். அட்டை ஒன்றுகூடக் கடிக்கவில்லை.

பத்து மணிக்கு ஊரைச் சுற்றினேன். கூடவே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் வந்தான். நான் எங்கே நின்றாலும் பின்னால் கொண்டுவந்து போடுவான். "என்னப்பா, எனக்கென்ன நூறு வயசா?" என்றேன். "மெதுவாப் பழகணும்ல மதினி" என்றான்.

மருந்துக்கடைக்காரி, சத்துணவு டீச்சர், தபாலாபீஸ் பெண் என்று ஒவ்வொருத்தியாகப் பார்த்தேன். அவர் பேரைச் சொல்லிவிட்டு முகத்தைக் கவனித்தேன். ஒருத்தி கண் கலங்கினால் பிடித்துவிடலாம் என்று கணக்கு. கஷ்டம் என்னவென்றால், எல்லாரும் கலங்குகிறார்கள். வாழை மண்டியில் தாரை எண்ணிக்கொண்டிருந்த மீசைக்காரன் எண்ணுவதை விட்டுவிட்டு, "அவரு பாடுனா பஸ்ஸு ஏத்தத்துல அதுவா ஏறும்" என்று மூக்கைச் சிந்துகிறான்.

பாடுவாராம். என் வீட்டில் ரேடியோவைச் சின்னதாக வை என்பவர்.

மத்தியானம் ஒச்சம்மாள் தேங்காயெண்ணெயைச் சூடுபண்ணிக்கொண்டு வந்து, வேண்டாம் வேண்டாம் என்றாலும் கேட்காமல் என் காலில் தேய்த்தாள். கெண்டைக்காலை அமுக்கிப் பார்த்தாள். குதிகாலைத் திருப்பி வெடிப்பைப் பார்த்தாள். வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தவள் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் அவளைச் சந்தேகப்படுவது தெரிந்துவிட்டதோ என்னவோ.

மார்ச் 16, வியாழன்

இன்று எனக்கு நன்றாக எரிந்துவிட்டது.

ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் மெஸ்ஸில் பொங்கலுக்கு மாவிடித்தார்கள். பேச்சு சாப்பாட்டுக்குப் போயிற்று. "கண்டக்டர் அண்ணன் கொண்டாருவாகளே புளிச்சோறு, அந்த ருசி எவளுக்கும் வராதுடி" என்றாள் ஒருத்தி. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பது வருஷமாக நாலு மணிக்கு எழுந்து எள்ளு வறுத்துப் பொடித்துப் போட்டுக் கிளறுவது நான். தூக்குச்சட்டி எப்போதும் வழித்துத் துடைத்த மாதிரி திரும்பிவரும். அது ஒன்றில்தான் எனக்குப் பெருமை.

"அவரு இங்க மீன்கொழம்பு சாப்புட்டுக்குவாரு. அத எங்களுக்குக் குடுத்துருவாரு" என்றாள் ஒச்சம்மாள்.

சரி, அதுகூடப் போகட்டும். அடுத்தவள் சொன்னாள்: "உங்க நாத்தனாருக்கு எங்க கும்பிட்டச் சொல்லுங்க மதினி. என்னா கைப்பக்குவம்! தம்பி கஞ்சியில்லாமப் போயிருவானேன்னு அந்தச் சின்னக்கா நித்தம் நித்தம் வந்து பொங்கிக் குடுத்துச்சாமே."

சின்னக்கா! அவருடைய அக்கா! அவளுக்கு வெந்நீர் வைக்கத் தெரியாது. தன் கல்யாணத்துக்கே தலைவலி என்று படுத்துக்கொண்டவள். முப்பது வருஷத்தில் என் வீட்டு அடுப்பைத் தொட்டிருப்பாளா? "யாரு சொன்னது?" என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்திருக்கும் போல. எல்லாரும் ஒச்சம்மாளைப் பார்த்தார்கள். அவள், "மாவு காஞ்சுபோகும், வேலையப் பாருங்கடி" என்றாள்.

பேச்சை மாற்றவோ என்னவோ, பெரியகருப்பன் சுவரைத் தடவி ஒரு போட்டோவை எடுத்துவந்து கொடுத்தார். போன வருஷப் பொங்கல். இவர் தலையில் முண்டாசு, கழுத்தில் செவ்வந்தி மாலை, கும்மியடிக்கும் பெண்களுக்கு நடுவில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். வாயெல்லாம் பல். கடைவாய்ப்பல் இல்லாத இடம்கூடத் தெரிகிறது. அந்தப் பல் எப்போது விழுந்தது என்றே எனக்குத் தெரியாது.

போன பங்குனியில் அவர் ஓய்வுபெற்றுக் கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகியிருந்தது. சங்கத் தோழர் வீட்டுக் கல்யாணம், கம்பம் போகிறேன் என்று சொன்னார். அந்தச் சட்டைக்கு நான்தான் இஸ்திரி போட்டேன். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த காலமெல்லாம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். வேலை செய்த களைப்பு என்று நினைத்து நான் சத்தம் வராமல் பாத்திரம் கழுவினேன்.

அவர் வேலைக்குப் போன காலத்திலும் நான் தொல்லை கொடுத்தவள் இல்லை. குழாயில் தண்ணீர் வரவில்லை, கேஸ் தீர்ந்துவிட்டது, வீட்டு ஓனர் வாடகைக்கு ஆள் அனுப்பினார், இவ்வளவுதான் சொல்வேன். அதுவும் அவர் செருப்பைக் கழற்றிய பிறகுதான்.

சாயங்காலம் வாசலில் நாலு பேர் மூங்கிலில் நாற்காலியைக் கட்டி டோலி செய்துகொண்டிருந்தார்கள். நாளைக்கு என்னை மலைக்கோயிலுக்குத் தூக்கிப்போகவாம். நடப்பேன் என்றேன். "போகும்போது டோலி. வரும்போது ஆத்தா சொல்லட்டும்" என்றார் பூசாரி வீரணன்.

இந்த ஊரில் யாரோ ஒருத்தி இல்லை. ஆனால் என்னவோ இருக்கிறது.

மார்ச் 17, வெள்ளி

எழுத முடியவில்லை. உடம்பு ஓய்ந்துவிட்டது.

மார்ச் 18, சனி

நேற்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிச் சொல்லிவிடுவேன்.

காலையில் டோலியில் உட்காரமாட்டேன் என்று அடம்பிடித்து, தோற்று, உட்கார்ந்தேன். கொட்டு மேளத்தோடு ஊரே ஏறியது. கோயில் சின்னது. பின்னால் தகரக் கொட்டகை. அங்கே கொண்டுபோய் இறக்கினார்கள். வீரணன் சாக்குப்படுதாவை விலக்கினார்.

உள்ளே மண் கால்கள். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும், விரல் நகமெல்லாம் கீறி, சுடாத மண்ணில் செய்தவை. வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள். பன்னிரண்டு. ஒவ்வொன்றிலும் ஆணியால் கீறியிருந்தது: மங்களேஸ்வரி, 2011. மங்களேஸ்வரி, 2012. அப்படியே போன வருஷம் வரைக்கும்.

என் பேர்.

"மொத வருசம் பொங்கலுக்கு, வீட்டம்மாவக் கூட்டிட்டு வாங்கண்ணேன்னு கேட்டோம்" என்றார் வீரணன். "அவளுக்கு ரெண்டு காலும் வராது, படுத்த படுக்கையாக் கெடக்கான்னு சொல்லிக் கண்ணு கலங்கிட்டாரு. ஊரே ஆடிப்போச்சு. அன்னைக்கே ஊர் வேண்டுதல் வச்சோம். கால் வர்ற வரைக்கும் வருசம் ஒரு கால். அவரே மண்ணு பெசஞ்சு குடுப்பாரு. போன வருசங்கூட வந்து வச்சுட்டுத்தான் போனாரு. ஆத்தா அவரக் கூப்புட்டுக்கிட்டு உங்களுக்குக் காலக் குடுத்துட்டா."

நான் வீரணன் முகத்தைப் பார்த்தேன். எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருத்தர் முகத்திலும் விளையாட்டு இல்லை. பஸ் படியில் நீட்டிய கை, நாற்காலி, டோலி, சின்னக்காவின் புளிச்சோறு எல்லாம் ஒரே நேரத்தில் விளங்கிற்று. அவரோடு இந்தப் பாதையில் பஸ் ஓட்டிய டிரைவர் சூசைமாணிக்கம் அண்ணன் தீபாவளிக்கு வீட்டுக்கு வந்து என் கையால் அதிரசம் தின்பார். ஒரு தடவை, "காலு நல்லாருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு இவரைப் பார்த்துச் சிரித்தார். மரியாதைக்குக் கேட்கிறார் என்று, நல்லாருக்குண்ணே என்று சொல்லி இன்னும் இரண்டு அதிரசம் வைத்தேன்.

மங்களேஸ்வரி வந்துவிடுவாள், வந்தால் குழாய் கேஸ் என்று பேசுவாள், வந்தால் இங்கே பாடமுடியாது. அதற்காக என் காலை எடுத்துவிட்டார்.

சொல்லிவிட்டேன். சத்தமாகவே சொன்னேன். "எனக்குக் கால்ல ஒருநாளும் ஒண்ணும் வந்ததில்ல. நான் படுத்ததும் இல்ல. நல்லாத்தான் இருந்தேன்."

கொட்டு நின்றது. அப்புறம் வீரணன் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். "கேட்டீங்களா! நோயி வந்ததே இல்லாத மாதிரி ஆக்கிப்புட்டா! நெனப்பக்கூட அழிச்சுப்புட்டா!" பெண்கள் குலவை போட்டார்கள். நான் மறுபடி சொன்னேன். குலவை இன்னும் பலமாயிற்று. மூன்றாம் தடவை நான் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வரும் உண்மையையும் என் புருஷன்தான் முன்கூட்டியே எடுத்துப்போயிருக்கிறார்.

வேண்டுதல் பலித்தால், யாருக்காக வைத்ததோ அந்த ஆளே மண்ணுருவத்தைச் சுமந்துபோய் ஓடையில் கரைக்க வேண்டும். அது அங்கே முறை. கொட்டகையிலிருந்து ஓடைக்கு எழுபத்தோரு படி. "ஒண்ணு மட்டும் தூக்குங்க மதினி, மத்தத நாங்க பாத்துக்குறோம்" என்றார்கள்.

"என் பேர்லதான வச்சீங்க? நானே தூக்குறேன்" என்றேன்.

2011-ஐ எடுத்தேன். கைக்குழந்தை கனம் இருந்தது. அந்த வருஷம் மூன்றாம் மாடி வாடகை வீட்டில் இருந்தோம். தெருக்குழாயிலிருந்து நாளைக்கு எட்டுக் குடம் ஏறினேன். கரைத்துவிட்டு மேலே வந்து 2012. மாமியாருக்குப் பெரியாஸ்பத்திரியில் நாற்பது நாள். காலையும் மாலையும் நடந்து சோறு கொண்டுபோனேன். 2014-ல் தமிழரசி கல்யாணம். இவருக்கு லீவு இல்லை என்று இருநூறு வீட்டுக்கு நானே நடந்து பத்திரிகை வைத்தேன். 2016 காலைத் தண்ணீரில் வைத்தபோது விரல்கள் முதலில் கரைந்தன. கேட்டுக்கு முன்னால் நின்ற கால். 2018-ல் பேரன் பிறந்தான், ஆறு மாசம் தொட்டிலை ஆட்டிக்கொண்டே நின்றேன். மேலே போனேன், கீழே வந்தேன், மேலே போனேன். ஒவ்வொரு தடவைக்கும் குலவை. படிக்கட்டின் இரண்டு பக்கமும் நின்று என் நடையைப் பார்த்து அழுதார்கள். இந்த நடையைப் பார்க்க வேண்டியவர் முப்பத்தொரு வருஷம் பார்க்கவில்லை.

பன்னிரண்டாவதை மட்டும் உடனே கரைக்க மனசு வரவில்லை. பொய் சொல்ல அவசியமே இல்லாத வருஷம் அது. வேலை இல்லை, பஸ் இல்லை, கேட்பார் யாரும் இல்லை. நிறுத்தியிருக்கலாம். மண்ணைப் பிசைந்து, நகம் கீறி, என் பேரை எழுதி வைத்துவிட்டுப் போய்க் கும்மியடித்திருக்கிறார். கெண்டைக்காலில் அவர் பெருவிரல் பதிந்த தடம் இருந்தது. அதில் என் விரலை வைத்துப் பார்த்தேன். பிறகு தண்ணீரில் விட்டேன்.

ஒருத்தி இருந்திருந்தால் மயிரைப் பிடித்திருப்பேன். அழுதிருப்பேன், மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்திருப்பேன், தமிழரசியும் என் பக்கம் பேசியிருப்பாள். இதற்கு என்ன செய்வது? என் புருஷன் ஒரு ஊரில் சிரித்தார் என்று யாரிடம் போய்ச் சொல்வது?

இன்று காலை ஊர் அடங்கிக் கிடந்தது. நானும் ஒச்சம்மாளும் அடுப்படியில் சின்னவெங்காயம் உரித்தோம். அவளாகவே பேசினாள்.

"எண்ணெ தேச்சப்பவே தெரிஞ்சுபோச்சு மதினி. வருசக்கணக்காப் படுத்துக்கெடந்த காலு குச்சியாட்டம் சூம்பிரும். உங்க கெண்ட கல்லு மாதிரி இருந்துச்சு. குதிகால்ல அம்புட்டு வெடிப்பு. நடந்து தேஞ்ச காலு அது."

"தெரிஞ்சும் என்னைய டோலில ஏத்துனியா?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "பன்னெண்டு வருசமா, பங்குனிப் பொங்கலுக்கு முந்தி எட்டு நாளு இந்தத் தெருப் பொம்பளைக உப்பில்லாமத் தின்னுருக்கோம். உங்க காலுக்கு. ஊர் வேண்டுதல் வருசத்துக்கு ஒரு வீட்டுக்குத்தான். பன்னெண்டு வருசமும் உங்க வீட்டுக்கு விட்டுக்குடுத்தோம்." அவள் வாசல் பக்கம் பார்த்தாள். பெரியகருப்பன் வெயிலுக்கு முகத்தைக் காட்டி உட்கார்ந்திருந்தார். "இவரு கண்ணு மங்க ஆரம்பிச்சு ஏழு வருசமாச்சு. இந்த வருசம் நம்ம வீட்டுக்கு வைங்கப்பான்னு கேக்க வாயெடுப்பேன். அண்ணன் மண்ணப் பெசஞ்சுக்கிட்டு உக்காந்துருப்பாக. படுத்துக்கெடக்குற பொம்பளைய விடவா நம்ம கொறைன்னு வாய மூடிக்குவேன்."

என்னால் உரிக்க முடியவில்லை.

"ஊருக்குச் சொன்னா என்னாகும்? எட்டு நாளு, பன்னெண்டு வருசம். எல்லாம் வீணுன்னு ஆயிரும். ஆத்தாளையும் நம்ப மாட்டாக. அதான் ஏத்துனேன்." மறுபடி கத்தியை எடுத்தாள். "அண்ணன் அண்ணன்னு உசுர விட்டேனே மதினி. என்னையவும்ல ஏமாத்திப்புட்டாக."

அவருக்காக நான் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் பக்கம் நின்று பேசியதாக ஆகிவிடும். இவளை மூன்று நாளாக என்னவெல்லாம் நினைத்தேனோ, அதற்கு மட்டும் வெட்கமாக இருந்தது. அதையும் சொல்லவில்லை.

"அடுத்த வருசம் இவருக்கு மண்ணுல கண்ணு செஞ்சு வைங்க" என்றேன்.

"வைப்போம்."

"நான் எட்டு நாளு உப்பில்லாம இருக்கேன்."

அவள் அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். வெங்காயம் இரண்டு பேருக்கும் கண்ணைக் கரித்தது, அதனால் அழுகை எது, வெங்காயம் எது என்று பார்க்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 19, ஞாயிறு

ஐந்து நாற்பது பஸ்ஸில் கிளம்பினேன். மிளகு ஒரு பை, வாழைத்தார் ஒன்று, காபித்தூள், எல்லாம் ஏற்றிவிட்டார்கள். ஒச்சம்மாள் அந்தப் போட்டோவைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தாள். "எடுத்துக்கிறீகளா மதினி? வீட்ல மாட்டிக்கலாம்."

"வேண்டாம்மா" என்றேன். "இங்க சிரிச்சது உங்க ஆளு. எங்க வீட்ல மாட்டியிருக்கது வேற ஆளு."

அவள் போட்டோவை மார்போடு அணைத்துக்கொள்ளவும் இல்லை, கீழே போடவும் இல்லை. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு நின்றாள். இனி அதைச் சுவரில் மாட்டுவாளா என்று தெரியவில்லை. அது அவள் பாடு.

பஸ்ஸுக்குள் எனக்கு முன்சீட்டைக் காலி செய்து துண்டு போட்டு வைத்திருந்தார்கள். புதுக் கண்டக்டரும் பின்வாசல் பக்கத்தில் இருக்கும் தன் ஒற்றை சீட்டிலிருந்து எழுந்துகொண்டான். "இது சார் உக்காந்த சீட்டும்மா. நீங்க உக்காருங்க."

"நீ உக்காரு தம்பி" என்று மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

பதினான்கு வளைவும் நின்றுகொண்டே இறங்கினேன். முதல் வளைவில் ஜன்னல் வழியாக ஊர்க்காரர்கள் கையசைப்பது தெரிந்தது. நான் நிற்கிறேன் என்பதைப் பார்த்து இன்னும் பலமாக அசைத்தார்கள். அடிவாரம் வந்து பாதி பஸ் காலியாயிற்று. "ஏம்மா, இம்புட்டு எடம் கெடக்கே" என்றாள் பூக்கூடைக்காரி. திண்டுக்கல் வரைக்கும் உட்காரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் தமிழரசி போன் செய்தாள். "ஊரு எப்படிம்மா இருந்துச்சு? அப்பா சொன்ன மாதிரி மோசமா?"

"நல்ல ஊருடி. தண்ணி நல்லாருக்கு."

"உனக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"எனக்கென்ன" என்றேன்.

வெந்நீர் வைத்து ஒரு வாளியில் ஊற்றி இரண்டு காலையும் விட்டு உட்கார்ந்துகொண்டு எழுதுகிறேன். எதிரே சுவரில் மாட்டிய படத்தில் அவர் வாயை மூடிக்கொண்டு இருக்கிறார். முழங்காலிலிருந்து பாதம் வரைக்கும் விண்விண்ணென்று தெறிக்கிறது. இத்தனை வருஷத்தில் இன்றுதான் நிஜமாகவே கால் வலிக்கிறது. இதை யாரிடமும் சொல்லப்போவதில்லை.